ஐந்து முறை பிடித்த தீவு

1841 அக்டோபர் 9

இன்று கடற்படை புல்லுக்குள் நுழைந்தது. தப்பாக எழுதவில்லை. கப்பலை முகத்துவாரத்தில் நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு, நாங்கள் தோணிகளில் ஏறிப் புளோரிடா என்கிற இந்தச் சீமையின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறோம். முழங்கால் தண்ணீர், அதன்மேல் ஆள் உயரக் கோரை, கண்ணுக்கெட்டிய தூரம் இதுதான். பாதி நேரம் தோணி எங்களைச் சுமக்கிறது, மீதி நேரம் நாங்கள் தோணியை இழுக்கிறோம். கோரையின் ஓரம் அரிவாள் மாதிரி அறுக்கிறது. என் முழங்கை பார்க்கச் சகிக்கவில்லை.

செமினோல் என்ற ஜனங்களைப் பிடித்து, கப்பலேற்றி, மேற்கே எங்கேயோ கொண்டுபோய் விடவேண்டும் என்று சர்க்கார் உத்தரவு. தரைப்படை வருஷக்கணக்காகத் தேடி அலுத்துவிட்டது. அவர்கள் தண்ணீருக்குள் ஒளிந்திருக்கிறார்கள், ஆகவே இது கடற்படையின் வேலை என்று மேலே யாரோ ஒரு மகாபுத்திசாலி முடிவு செய்திருக்கிறார்.

நான் அடைக்கலம், தரங்கம்பாடிக்காரன், கப்பலில் சமையல். நாட்குறிப்பு எழுதப் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள். எழுத எழுதப் பாவம் குறையும் என்றார்கள். இதுவரை காகிதம்தான் குறைந்திருக்கிறது. இதைப் படிக்க இந்தக் கண்டத்திலேயே ஆள் கிடையாது, இருந்தாலும் பார்த்துத்தான் எழுதுவேன். இங்கே எல்லாரும் பேசுவது இங்கிலீஷ். நான் அதை எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எழுதப்போகிறேன். என் காதில் அப்படித்தான் விழுகிறது.

1841 அக்டோபர் 10

மழை. பிஸ்கோத்தில் புழு. மாலுமிகளின் தலைவன் மலோனி புழுவைத் தட்டிவிட்டுச் சாப்பிட்டான், நான் பிஸ்கோத்தைத் தட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

1841 அக்டோபர் 13

கப்பல் இல்லை என்பதற்காகக் கப்பல் ஒழுங்கை விடமுடியாது என்று பிராட்ஃபீல்ட் துரை சொல்லிவிட்டார். அவர்தான் லெப்டினென்ட், எங்கள் எல்லாருக்கும் தலைவர். ஆகவே காலையில் தோணிகளைத் தேய்த்துக் கழுவுகிறோம். அரை மணிக்கொரு தரம் கப்பல் மணி அடிக்கிறோம். மணியைக் கட்டச் சமையல் தோணியில் மட்டும்தான் இடம் இருக்கிறது, ஆகவே அடிப்பவனும் நான்தான். நண்பகலில் ரம் ஊற்றும்போது ஆட்கள் அத்தனை பேரும் ஒன்றுசேர்ந்து போடும் சத்தத்தில் கொக்குகள் கூட்டமாக எழுந்து பறக்கின்றன. பதுங்கிப் போய் எதிரியைப் பிடிக்கப்போகிற படை இது.

இன்னொரு தோணியில் துரையின் கோழிகள். காலையில் அவருக்கு முட்டை வேண்டும். கோழிக்கு மக்காச்சோளம் போடுவதும் என் வேலை.

இன்று சாப்பாட்டுக்குப் பிறகு துரை எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொன்னார். “எவன் முதல்ல உசிரோட ஒரு செமினோலைக் காட்டுறானோ, அவனுக்கு அன்னிக்கே விடுதலை. ஊருக்குக் கப்பலும் நானே ஏத்திவிடுறேன்.” என் பக்கம் திரும்பி, “உனக்கும்தான் அடைக்கலம். மார்ச்சுல பாஸ்டன்லேர்ந்து மதராசுக்கு ஒரு சரக்குக் கப்பல் போவுது” என்றார்.

நான் கடற்படையில் கையெழுத்துப் போட்டதே ஊர் போய்ச் சேரத்தான். கடற்படைக் கப்பல் எல்லாக் கடலுக்கும் போகும் என்று ஆள்பிடிப்பவன் சொன்னான். புல்லுக்குப் போகும் என்று சொல்லவில்லை. நான் கிளம்பும்போது என் மகள் அன்னம் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவள் இப்போது ஓடுவாள், வாயாடுவாள், என்னைப் பார்த்தால் யாரென்று அவள் அம்மாவிடம் கேட்பாள். மார்ச் என்று கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பு ஓடவில்லை.

1841 அக்டோபர் 18

முதல் தீவைப் பிடித்தோம். தீவு என்றால் கோரைக்கு நடுவே கொஞ்சம் மேடு, மரங்கள், கைவிட்டுப்போன இரண்டு கீற்றுக்கொட்டகை. ஆளில்லை. துரை கொட்டகைகளைக் கொளுத்தச் சொன்னார். கொடி நட்டு, தன் மாமனார் பெயரை வைத்து, வரைபடத்தில் குறித்துக்கொண்டார். மாமனார் தலைநகரில் பெரிய உத்தியோகஸ்தராம். ஆளுக்கு இரட்டை ரம்.

நான் கப்பலிலிருந்து கொண்டுவந்த பூசணிக்காயை நறுக்கிப் போட்டுச் சூப் வைத்தேன். விதையை அங்கேயே கொட்டினேன்.

எங்களுக்கு வழிகாட்டுகிறவன் போன கோடையில் பிடிபட்ட ஒரு செமினோல். என் வயதுதான் இருக்கும். மாலுமிகள் அவனை ஜாக் என்று கூப்பிடுகிறார்கள். அவன் பெண்டாட்டி பிள்ளைகள், சனங்கள் எல்லாரும் இந்தக் கோரைக்குள்தான் எங்கேயோ இருக்கிறார்கள். இடத்தைக் காட்டினால் அவர்களோடு சேர்த்து மேற்கே அனுப்புவதாகவும், காட்டாவிட்டால் தூக்கில் போடுவதாகவும் துரை அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

அவன் யாரிடமும் பேசுவதில்லை. கஞ்சி கொடுத்தால் வாங்கிக்கொள்வான். இவர்கள் அவனையும் இந்தியன் என்கிறார்கள், என்னையும் இந்தியன் என்கிறார்கள். முன்னொரு காலத்தில் வழி தப்பி இங்கே வந்து, இதுதான் இந்தியா என்று சாதித்த ஒரு மாலுமியின் பிடிவாதம் இது. அந்தப் பிடிவாதம் இன்னும் இவர்களை விட்டுப் போகவில்லை. துரையின் வரைபடத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

1841 நவம்பர் 2

இரண்டாவது தீவைப் பிடித்தோம். கரையில் கால் வைத்ததும் கருகிப்போன கம்பங்கள். “நமக்குப் பயந்து அவனே கொளுத்திட்டு ஓடியிருக்கான்” என்று துரை சொன்னார், அப்படியே எழுதியும் வைத்தார். இதற்குத் தன் சம்சாரத்தின் பெயர்.

அடுப்பு மூட்ட இடம் தேடிப் போனேன். என் பழைய அடுப்புக் கல் மூன்றும் நான் வைத்த இடத்திலேயே இருந்தன. பக்கத்தில் பூசணி முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது.

துரையின் கணக்குப்படி நாங்கள் தெற்கே நாற்பது மைல் வந்திருக்கிறோம். தோணியின் வேகத்தைக் கயிறு விட்டு அளந்து, தண்ணீர் ஓட்டத்தைக் கழித்து, சூரியனைப் பார்த்து எல்லாம் சரியாகத்தான் போடுகிறார். நடுக்கடலில் இந்தக் கணக்கு தப்பாது. இங்கே தோணியை நாங்கள் தள்ளிக்கொண்டு வட்டமடிக்கிறோம் என்பதற்குத்தான் அதில் இடமில்லை. கணக்கு வேறு தீவு என்கிறது, கண் அதே தீவு என்கிறது. கடற்படையில் கண்ணுக்குச் சம்பளம் குறைவு.

ஏதோ நான் ஒருவன் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, மலோனியிடம் மெதுவாகச் சொன்னேன். ஐரிஷ்காரன், நல்ல மனுஷன். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“அது இங்க யாருக்குய்யா தெரியாது? இந்தா இந்த மரத்துல நான் போன தடவ என் பேரை வெட்டி வச்சிருக்கேன் பாரு. தீவு ஒண்ணுக்கு ரெட்டை ரம். நீ பாட்டுக்கு வாயத் தொறந்தா ரெட்டை ஒத்தையாயிரும். அப்புறம் முதலை உன்னைத் திங்கலன்னா நாங்க தின்னுருவோம்.”

மலோனியின் ஆட்கள் பூசணிச் செடியைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தார்கள். மரத்தில் இருந்த பெயரைச் சீவினார்கள். பிறகு ஒழுங்காக வரிசையில் நின்று ரம் வாங்கிக் குடித்தார்கள்.

ஜாக் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மிக நன்றாக ஒன்றும் தெரியாமல் வைத்திருந்தான்.

1841 நவம்பர் 21

அடுப்புக்கு விறகும், இங்கே பனை மாதிரி வளர்கிற மரத்தின் குருத்தும் வெட்டிவரச் சின்னத் தோணியில் தனியாகப் போனேன். வடக்கே ரொம்ப தூரம் போய்விட்டேன். யாரையும் பார்க்கவில்லை.

யாருமில்லாத அந்த ஆள் இடுப்பில் ஒரு குழந்தையை வைத்திருந்தாள். கோரைக்கு அந்தப் பக்கம், இரண்டு தோணி தூரத்தில், கையில் துடுப்போடு அப்படியே நின்றுவிட்டாள். குழந்தை என் தோணியைப் பார்த்துக் கை நீட்டியது. விறகுக்குப் பக்கத்தில் உப்புப் பை இருந்தது. குருத்தைப் பச்சையாகத் தொட்டுத் தின்ன எடுத்துப்போயிருந்தேன். அவள் பார்த்தது என்னையல்ல, பையை. சண்டை தொடங்கியதிலிருந்து கடற்கரைப் பக்கம் வரமுடியாமல், இந்த ஜனங்கள் உப்புக்கு அல்லாடுகிறார்கள் என்று கேள்வி.

விடுதலை இரண்டு தோணி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. மணி அடிக்கவேண்டாம், துப்பாக்கி வேண்டாம், திரும்பிப்போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தக் குழந்தை எச்சில் ஒழுகச் சிரித்தது.

திரும்பி வரும் வழியில் உப்புப் பை தண்ணீரில் விழுந்துவிட்டது. இப்படித்தான் துரையிடம் சொன்னேன்.

“எங்க விழுந்துச்சு?”

“மூணாவது தீவுகிட்டங்க துரை.” மூன்றாவதை அதற்குள் பிடித்திருந்தோம். அதே தீவுதான்.

“கப்பல் முத்திரை போட்ட கான்வாஸ் பை. சர்க்கார் சொத்து. பொறுப்பில்லாத ஆளு நீ” என்று அரை மணி நேரம் திட்டினார். ஜாக் கஞ்சிக் கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தி, முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான்.

1841 நவம்பர் 22

தூக்கம் வரவில்லை. நான் ஒரு மடையன்.

1841 டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். அதே தீவை ஐந்தாவது முறை பிடித்தோம். துரையிடம் வைக்கப் பெயர் தீர்ந்துபோய்விட்டது. மாமனார், சம்சாரம், பெரிய அதிகாரி, பெரிய அதிகாரியின் சம்சாரம் எல்லாரும் ஆகிவிட்டார்கள். பண்டிகை நாள் என்பதால் தாராளமாக, “அடைக்கலம், நீ ஒரு பேரு சொல்லு” என்றார்.

அன்னம் என்றேன். எழுதிக்கொண்டார். என் மகளின் பெயரில் உலகத்தில் ஒரு தீவு இருக்கிறது, வரைபடத்தில் மட்டும். கோழி அடித்து வறுத்தேன். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். மரத்துக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்து பாத்திரம் கழுவினேன்.

1842 ஜனவரி 11

ஜாக்குக்குக் கடும் காய்ச்சல். அவனைக் கப்பலுக்குத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. “இனி நானே வழி பாக்குறேன்” என்றார் துரை. மலோனி சிலுவை போட்டுக்கொண்டான்.

1842 ஜனவரி 16

பாதிப் பேருக்குக் காய்ச்சல். துரை தெற்கே போவதாகச் சொல்லி வடக்கே போகிறார். எனக்கு இந்த மரக்கூட்டங்கள் தெரியும். நவம்பரில் விறகு வெட்டிய வழி இது.

துரையைத் திருத்தலாம். சொன்னால் எந்தத் திக்கைச் சொல்வது?

1842 ஜனவரி 19

காலையில் துரை வானத்தில் ஒரு மெல்லிய புகையைப் பார்த்தார். நான் அதற்கு முன்பே பார்த்திருந்தேன். கண்ணில் அடுப்புப் புகை பட்டதால் உறுதியாகச் சொல்லமுடியவில்லை.

துரைக்கு இந்த மூன்று மாதத்தில் முதல்முறையாக நல்ல புத்தி வந்தது. மணி அடிக்கக்கூடாது, பேசக்கூடாது, துடுப்பு தண்ணீரில் தட்டும் சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்று உத்தரவு. என் மணியின் நாக்கைத் துணி சுற்றிக் கட்டினார்கள். தோணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோரைக்குள் நுழைந்தன. மார்ச்சுக் கப்பல் ஒரு கண்ணில் தெரிந்தது, எச்சில் ஒழுகச் சிரித்த முகம் இன்னொரு கண்ணில் தெரிந்தது. இரண்டும் ஒரே பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன.

மேடு தெரிகிற தூரத்துக்கு வந்தபோது சூரியன் தலைக்குமேல் வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். நண்பகல் ரம்மைத் தள்ளிவைக்க எந்த உத்தரவும் இல்லை. அதை நேரத்துக்கு ஊற்றாவிட்டால் தண்டனை எனக்குத்தான். பீப்பாயின் தக்கையை எடுத்தேன். மலோனியின் காதுப்பக்கம் குனிந்து, மிகவும் மெதுவாக, “ரம்மு” என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மூன்று மாதப் பழக்கம். மலோனி யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. ஒரு தோணி கத்தியதும் அடுத்த தோணி கத்தியது. காய்ச்சல்காரர்கள்கூட எழுந்து உட்கார்ந்து கத்தினார்கள். கொக்குகள் வானத்தை மூடிக்கொண்டு பறந்தன. துரை எழுந்து நின்று கையை ஆட்டினார். ரம்முக்குத்தான் ஆட்டுகிறார் என்று நினைத்து இன்னும் பலமாகக் கத்தினார்கள்.

ரம்முக்குப் பிறகு உடனே சாப்பாடு வேண்டும், அதற்காகச் சமையல் தோணி முன்னால் போய்க் கரையேறுவது வழக்கம். வழக்கத்தை மீறாமல் வேகமாகத் துடுப்புப் போட்டேன். கரையில் ஈர மண்ணில் கால்தடங்கள், பெரியவையும் சின்னவையும், அந்தப் பக்கத்துத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. கோரை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. என் கால்களைப் போட்டுத் தடங்களை மிதித்தேன். சேற்றில் அப்படித்தான் நடக்கமுடியும்.

அது அவர்கள் தோட்டம். மக்காச்சோளம் குத்துக் குத்தாக நின்றது, நடுவில் பூசணிக்கொடி, கிழங்கு. ஒரு வருஷச் சாப்பாடு. அடுப்பில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் இருந்த மண்சட்டியைக் கொடிக்குள் தள்ளிவிட்டு, என் செம்புக் கொப்பரையைத் தூக்கி வைத்தேன். இப்போது அது என் நெருப்பு. அதற்குள் துரை வந்துவிட்டார்.

மரக்கிளையில் என் உப்புப் பை தொங்கியது.

நான் அதைப் பார்த்தபோது துரையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்துபோய்க் கழற்றினார். முத்திரையைத் தடவினார். எதிரிக்கு உப்புக் கொடுத்தவனை இவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அன்னம் இனிமேல் என்னை யாரென்று கேட்கவேண்டிய அவசியமே வராது என்று நினைத்துக்கொண்டேன்.

“இது நம்ம பை” என்றார்.

“ஆமாங்க துரை.”

“நீ தொலைச்ச பை.”

“ஆமாங்க துரை.”

“மூணாவது தீவுல தொலைச்சேன்னு சொன்ன.”

“ஆமாங்க.”

அவர் பையைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அப்ப இதுதான் மூணாவது தீவு.”

“துரை சொன்னா சரிதாங்க.”

“இந்தச் சோளம்?”

“உங்க கோழிக்குப் போட்டது சிதறி முளைச்சிருக்குங்க துரை.”

“பூசணி?”

“சூப்பு வச்ச விதைங்க. மண்ணு நல்ல மண்ணு.”

துரை முட்டாளில்லை. வரைபடத்தை விரித்தார். அவர் கணக்குப்படி மூன்றாவது தீவு இங்கிருந்து வெகு தூரத்தில் இருந்தது. இன்று வழி பார்த்தது ஜாக் அல்ல, அவரேதான். இந்தத் தீவை இரண்டாம் முறை பிடித்ததாக எழுதினால், மற்ற நான்கையும் எத்தனையாம் முறை பிடித்தீர்கள் என்று மேலே கேட்பார்கள். அவர் காது மடல் சிவந்தது. மாமனார், சம்சாரம், பெரிய அதிகாரி என்று வரைபடத்தின்மேல் விரல் ஒவ்வொன்றாக ஊர்ந்து, அன்னத்தில் வந்து நின்றது. பிறகு மடித்து வைத்துவிட்டார்.

இது வேறு தீவு என்று மலோனிக்குத் தெரியும். பெயரைச் சீவிய மரம் இங்கே இல்லை. என்னைப் பார்த்தான், பூசணியைப் பார்த்தான், வாயைத் திறந்து மூடிக்கொண்டான்.

“எல்லாரும் கேட்டுக்குங்க” என்றார் துரை. “இன்னைக்கு நாம எங்கயும் வரல. புரியுதா?”

“புரியுதுங்க துரை” என்றோம் எல்லாரும்.

“எதையும் தொடாதீங்க. கெளம்புங்க.”

1842 ஜனவரி 20

இரட்டை ரம் இல்லை. மலோனி என்னோடு பேசவில்லை.

1842 பிப்ரவரி 17

கப்பலுக்குத் திரும்பிவிட்டோம். துரையின் வரைபடம் மேலே போயிற்று. ஐந்து தீவுகளும் அழிக்கப்பட்டன, அந்தப் பக்கத்தில் எதிரியே இல்லை, இனி அங்கே படை அனுப்பத் தேவையில்லை என்று அதில் குறிப்பு. துரைக்கு உத்தியோக உயர்வு நிச்சயம் என்கிறார்கள். மாமனாருக்கு ரொம்ப சந்தோஷமாம்.

உயிரோடு ஒருவரையும் யாரும் காட்டாததால் யாருக்கும் விடுதலை இல்லை. பாஸ்டன் கப்பல் நான் இல்லாமல் மதராசுக்குப் போகும். சர்க்கார் பையைத் தொலைத்ததற்காக என் பெயரில் ஒரு கரும்புள்ளி, ஆகவே இன்னும் ஒரு வருஷம் இதே அடுப்பு. சம்சாரம் எனக்காகக் காத்திருப்பாளா, செத்துப்போனான் என்று முடிவு கட்டிவிட்டாளா தெரியவில்லை. வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். நெஞ்சு வலிக்கிற அளவுக்கு வருத்தம்.

1842 பிப்ரவரி 26

ஜாக் பிழைத்துக்கொண்டான். ஐந்து தீவு காட்டிக்கொடுத்தவன் என்பதால் தூக்கு இல்லை. சன்மானமாக அவனைத் தனியாக மேற்கே அனுப்புகிறார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் கிடைக்காதது அவனுடைய துரதிர்ஷ்டம் என்று துரை சொன்னார்.

காலையில் அவனை வேறு கப்பலுக்கு மாற்றுவதற்கு முன் கஞ்சி கொடுக்கப் போனேன். காலில் விலங்கோடு கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்திருந்தான். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, காவல்காரன் அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தான். பிறகு அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தையைச் சொன்னான்.

“உப்பு?”

“மரத்துல மாட்டி வச்சிருந்தாங்க” என்றேன். “பாதி தீந்துபோச்சு. அடுப்பு எரிஞ்சுது. தோட்டத்துல யாரும் கை வைக்கல. துரை பையை மட்டும் எடுத்துக்கிட்டாரு.”

எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பாதி என்பதற்கு நான் கையால் காட்டிய அளவையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் கையையும் அதே அளவுக்கு விரித்துப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கஞ்சியைக் குடித்தான். தோள் மட்டும் குலுங்கியது. நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவனை இறக்கிக் கொண்டுபோன பிறகு, மலோனி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினான், இவ்வளவு நாள் கழித்து வாயைத் திறந்து. கஞ்சியில் உப்பே இல்லையாம். போட மறந்திருக்கிறேன். போய் ஜாக்கின் கிண்ணத்தை எடுத்துப் பார்த்தேன். துடைத்துவைத்த மாதிரி காலியாக இருந்தது.